மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

தொலைபேசி நிலைய வேலையில் கேரளத்து வித்துராவுக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம், காலையில் பால் ஊற்ற வரும் அம்மிணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடமும் சாரும் வில் எழுதி வச்சிட்டுண்டோ?" என்று கேட்டாள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கதவைச் சாத்திவிட்டு நேரே போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் ஏதோ நோயைக் கண்டுபிடித்துவிட்டாள், நேரடியாகச் சொல்லத் தயங்கிச் சுற்றி வளைக்கிறாள் என்றே நினைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, முந்தின வாரம் அவள் தன் உயிலைப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள். புதிதாகத் தையல் மிஷின் வாங்கியவள் பக்கத்து வீட்டுக்காரியையும் வாங்கச் சொல்வதுபோல என்னிடமும் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்குவது கஷ்டம். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்மஸ் மதியம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா "அண்ணன் ஒரு உயில் எழுதி வச்சா நல்லதுல்லா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே சட்டியில் போட்டாள். "நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சு என்னத்துக்கு?" அதோடு சரி. அப்பா எதையும் எழுதாமலே போனார். அண்ணன்மார் இருவரும் இன்றைக்கும் ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லை. அந்தக் கசப்பை அருகில் இருந்து பார்த்தவள் என்பதால், மலையாள நாட்டு வழக்கம்தான் புத்திசாலித்தனமானது என்று வந்த சில வருடங்களிலேயே முடிவுகட்டிவிட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

எங்கள் அடுத்த வீடு தங்கம் சிஸ்டருடையது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நர்ஸ் வேலை பார்த்து, தனி ஆளாக வீடு கட்டி, கல்லாறு போகிற வழியில் ஒரு துண்டு ரப்பர் தோட்டமும் வாங்கியவர். மகன் ஜெயசீலன் மஸ்கட்டில் இருந்தான். மகள் கிரேஸும் அவள் புருஷன் செல்வினும் சிஸ்டரோடு இருந்தார்கள். செல்வின் மார்த்தாண்டத்துக்காரன். பொன்முடி பார்க்க வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுவான். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேச்சு அவன் காதில் விழாத நாள் கிடையாது. அதனாலேயே சாப்பிடும்போதுகூட மாமியாருக்கு முன்னால் உட்காரமாட்டான். கிரேஸ் தொலைபேசி நிலையத்தில் எனக்கு மதியச் சோறு கொண்டுவந்து தருகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் கூடப்பிறந்தது இரண்டும் ஆண்கள் என்பதால் அந்த அக்காவில் எனக்கு ஒரு பூரிப்பு இருந்தது.

ஒரு நாள் சிஸ்டர் என்னை அழைத்து, உயில் எழுதப் போவதாகவும் அதை நிறைவேற்றும் எக்சிக்யூட்டராக என் பெயரைப் போடப் போவதாகவும் சொன்னார்.

"நான் எதுக்கு சிஸ்டர்? ஒங்க சொந்தத்துல யாரும் இல்லியா?"

"சொந்தம் இல்லாததுனாலதான் மக்களே ஒன்ன விளிச்சேன். நீ ஆருக்க பக்கமும் சாயமாட்ட."

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதுபோல இதுவும் ஒரு மரியாதை என்று எண்ணிக்கொண்டு தலையாட்டினேன். என்ன வேலை, என்ன பொறுப்பு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் பெரியவர்கள் ஒரு மரியாதை செய்தால் அதைத் திருப்பிப் பார்த்து விசாரிப்பது அழகல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, பத்திரம் எழுதும் கேசவன் நாயர் வந்தார். வீடு கிரேஸுக்கு. மிச்சமுள்ள எல்லாம் ஜெயசீலனுக்கு. இரண்டு சாட்சி வேண்டும். ஒருவரை நாயர் கூட்டிவந்திருந்தார், மற்றவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். என் கணவரும் ஊருக்குப் போயிருந்தார். உயிலில் என் பெயர் இருப்பதால் நான் சாட்சி போடக்கூடாது என்று நானாகவே ஒதுங்கிக்கொண்டேன். "அடுத்து ஆரெங்கிலும் உண்டோ?" என்று நாயர் வாசலை எட்டிப் பார்த்தார். செல்வின் தூணோரம் கை கட்டி நின்றுகொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கம் நிச்சயதார்த்த ஓலையானாலும் நிலப் பத்திரமானாலும் மாப்பிள்ளையைக் கேட்காமல் பேனாவைத் திறக்கமாட்டார்கள். "வீட்டு மாப்பிள்ளை நிக்கையில வெளியாளத் தேடுவாங்களா?" என்று சொல்லி, என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நானே அவனிடம் கொடுத்தேன். அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். அன்றைக்குத்தான் அவன் அந்த வீட்டில் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். கிரேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நாயர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

இரண்டு வருடம் கழித்து இடவப்பாதி என்கிற ஜூன் மழையில் சிஸ்டர் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்ததும் கிரேஸ் அலமாரிச் சாவியை என்னிடம் தந்தாள். பத்திரங்களை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். ரப்பர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு வேலையைத் தொடரச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன் என்ற திருப்தியோடு உயிலை எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் வஞ்சியூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன்.

அவர் முதல் பக்கங்களை வேகமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாட்சி செல்வின், அது ஆரா?"

"மகளோட வீட்டுக்காரர்தான் சார்" என்றேன் பெருமையாக.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலில், சாட்சி போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ எழுதிவைத்தது செல்லாது. உயில் செல்லும், அந்தக் கொடை மட்டும் செல்லாது. இந்துக்களின் உயிலுக்கு இந்த விதி இல்லை. நாயர் எழுதியதெல்லாம் பெரும்பாலும் அவர்களுடையதாக இருந்திருக்கும். கிரேஸுக்கு என்று எழுதிய வீடு இனி மிச்சமுள்ளதில் சேரும். மிச்சமெல்லாம் ஜெயசீலனுக்கு. நான் சாட்சி போட்டிருக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போட்டிருக்கலாமாம். எக்சிக்யூட்டர் சாட்சியாக இருப்பதில் தடை இல்லையாம். போடக்கூடாது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன், போடவே கூடாதவன் கையில் பேனாவைத் திணித்தேன்.

இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பத்திரங்களை எடுத்து, தோட்ட வேலைக்கு உத்தரவும் போட்ட பிறகு இனி விலகுவது கஷ்டம் என்றார். தொட்ட காரியத்தை முடித்துத்தான் ஆகவேண்டும். உயிலை மறைத்தாலோ, உரியவனிடம் சொல்லாமல் எழுதி வாங்கினாலோ நான்தான் பதில் சொல்லவேண்டும். ஜெயசீலன் எல்லாம் தெரிந்து, மனமுவந்து தன் உரிமையை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வீடு கிரேஸுக்கு நிற்கும். வேறு வழி கிடையாது.

பதினைந்து நாள் நான் வாய் திறக்கவில்லை. கிரேஸ் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கிணற்றோரம் மிளகுக் கொடி நட்டாள். "எந்தக் கலரு அடிக்கலாம் அக்கா, சொல்லுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். நீலம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் என்ன என்று நினைத்தேன். ஆனால் சாட்சிப் பக்கம் இல்லாவிட்டால் உயிலே இல்லை. தவிர, யார் பக்கமும் சாயமாட்டாள் என்றுதானே சிஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார். ஊரில் இருந்திருந்தால் போதகரையும் நாலு பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடித்திருப்போம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். என் அண்ணன்மார் விஷயத்தில் அப்படிப் பேசி முடித்தவர்கள் யாரும் இல்லை என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

ஜெயசீலன் நேரில் வந்தான். லீவில் வரவில்லை, கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அவளுடைய தாய்வீட்டில் விட்டிருந்தான். அவனையும் கிரேஸையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பேனா கொடுத்ததையும் சேர்த்து.

"அம்மா கிரேஸுக்குத்தான் எழுதினா, அது எனக்குத் தெரியும்" என்றான் ஜெயசீலன். "ஆனா அக்கா, எனக்கும் பிள்ளைகளக் கொண்டு கேறிக் கெடக்க ஒரு எடம் வேண்டாமா? அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

நான் கெஞ்சினேன். தோட்டத்தில் ஒரு பகுதியில் நீ வீடு கட்டலாமே என்றேன். காட்டுக்குள் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிரேஸ் அண்ணனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "நீங்கதான அக்கா பேனாவ எடுத்துக் குடுத்தது" என்றாள். அதுதான் அவள் என்னைக் கடைசியாக அக்கா என்றது.

உரியதை உரியவனிடம் ஒப்படைப்பதும் என் வேலை. ஒரு மாதம் கழித்துச் சாவியை வாங்கிக்கொள்ளப் போனேன். சாமான் ஏற்றிய ஜீப் வாசலில் நின்றது. நீலச் சுவரில் ஈரம் இன்னும் காயாத மாதிரி இருந்தது. செல்வின்தான் சாவியைத் தந்தான். ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று காகிதத்தை நீட்டினேன். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல நான் ஒப்புப் போடலாமா அக்கா? அவளுக்கு இனி வேற எதுவும் போயிராதே?"

போடலாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதுவது, உயில் எழுதாதீர்கள் என்று சொல்ல அல்ல. எழுதுங்கள். அதில் ஒருவர் பெயரைப் போடுவது மரியாதை என்று நினைக்காதீர்கள், மரியாதையைக் காட்ட வேறு இடம் பாருங்கள். என் கணவர் நம்முடையதை எழுதிவிடலாம் என்று இப்போது சொல்கிறார். எக்சிக்யூட்டர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று யோசித்தால் ஊரிலும் ஒருவர் தோன்றவில்லை, இங்கும் தோன்றவில்லை.

எங்கள் கோயிலில் முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்து மலையாள ஆராதனை. இத்தனை வருடம் தமிழுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். கிரேஸ் கல்லாற்றில் வாடகை வீட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். நான் உட்கார்ந்தால் அவள் பெஞ்சு மாறுவதைப் பார்க்க முடியாமல் மலையாளத்துக்கு மாறிக்கொண்டேன். போன ஞாயிறு நேரம் தப்பிச் சீக்கிரம் போய்விட்டேன். அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள், நான் ஏறிக்கொண்டிருந்தேன். ஒதுங்க இடமில்லை. அம்மா செத்த அன்று என் தோளில் விழுந்து தமிழில் கதறியவள், புதிதாக மாற்றலாகி வந்த ஆபீஸ்காரியிடம் பேசுவதுபோலச் சிரித்தாள்.

"சுகமாணோ மேடம்?"

"சுகமாணு" என்றேன்.