அம்மா போன ஜெபக்கூட்டம்

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், அம்மா தினமும் மாலை நாலரை மணிக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போவாள். நாங்கள் அப்போது சேலையூரில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காப்பி குடித்ததும் அம்மா வேதப்புத்தகத்தை எடுத்துக்கொள்வாள். "தம்பிகிட்டயே இரு. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்" என்பாள்.

தம்பிக்கு ஆறு வயது. பிறவியிலேயே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. கையும் காலும் விறைத்துக்கொள்ளும். தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாது. தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார வைத்தால் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். தெருவில் என் வயதுப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமை மட்டும்தானே? எங்கம்மா அன்னிக்குத்தான் போறாங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. நான் தம்பியை விட்டுவிட்டுத் தெருக்கோடியில் இருந்த டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அங்கேதான் கூட்டம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அங்கே கூட்டமே இல்லை. டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். உள்ளறையில் பாயில், வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். "எழுப்பாதம்மா. இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

நான் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஜெபம் பண்ணப் போறேன்னு பொய் சொல்லிட்டு, சாயங்கால நேரத்துல தூங்குறியா?"

எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அம்மா விழித்தாள். பிறகு, "தம்பி எங்கடி?" என்று கேட்டவள், செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

தம்பி தலையணையிலிருந்து சரிந்து, சுவரோரம் முகம் குப்புறக் கிடந்தான். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. அம்மா அவனை அள்ளி எடுத்து மடியில் கிடத்தி, விறைத்திருந்த காலை வெகுநேரம் நீவிவிட்டாள். என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று காத்திருந்த எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "அம்மா கூட்டத்துக்கே போறதில்லப்பா. டீச்சர் வீட்ல படுத்துத் தூங்குறா."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"கிறிஸ்துமஸ் கழிஞ்சதுலேர்ந்து. இங்க படுத்தா, இவன் அனுங்குனாலே முழிப்பு வந்துடுது."

"சொல்லியிருக்கலாம்ல? இன்னிக்கு நான் பாத்துக்கறேன், நீ படு."

"காலைல ஆபீஸ் இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

ராத்திரியில் தம்பி அரை மணிக்கு ஒரு தரம் கால் இழுத்துக்கொண்டு அழுவான் என்பதும், ஒவ்வொரு தரமும் அம்மா எழுந்து அவனைத் திருப்பிப் படுக்க வைப்பாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் தூக்கம் கெடக்கூடாதென்று என்னையும் அப்பாவையும் கூடத்தில் படுக்க வைத்து, தானும் தம்பியும் படுக்கிற அறையின் கதவை அம்மா சாத்திவிடுவாள்.

மறுநாள் முதல் அம்மா எங்கும் போகவில்லை. நாலரை மணி ஆனால், "போய் விளையாடு" என்று என்னை அனுப்பிவிடுவாள். பொய் சொல்வதை அம்மா விட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.