வேலி இல்லாத புல்வெளி

ஸ்டுட்கார்ட்டில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற குலவீரசிங்கம், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு கேம்பிங் வான் வாங்கினார். மனைவி மங்களேஸ்வரிக்கு ஞாபகம் தவறத் தொடங்கியிருந்தது. எல்லாம் மறந்துபோவதற்குள் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வெயிலில் அவளோடு ஒரு கோடையைக் கழிக்க ஆசைப்பட்டார்.

முதலில் போய் இறங்கிய கேம்பிங் தளத்தில் வரிசையாக நின்ற வண்டிகளையும், கம்பி வேலியையும், குளிக்கத் துவாயோடு காத்துநின்றவர்களையும் கண்டு அவள் நடுங்கிப்போனாள். கல்யாணம் பேசி அவர் ஜெர்மனிக்குக் கூப்பிடும்வரை வவுனியாவில் அகதி முகாமில் அடைபட்டிருந்தவள் அவள்.

"இஞ்சருங்கோ, எங்களை எப்ப வெளியில விடுவினம்?"

"இது முகாம் இல்லையப்பா. நாங்கள் லீவுக்கு வந்திருக்கிறம்."

அவள் நம்பவில்லை. மறுநாளே அவர் வானைக் கிளப்பினார். வேலியில்லாத இடமாக விசாரித்து, திராட்சைத் தோட்டச் சரிவின் கீழே ஆற்றோரப் புல்வெளித் தளம் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அங்கே அவள் தண்ணீரில் காலை நனைத்தபடி, போகிற கப்பலுக்குக் கைகாட்டினாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்னேரம் தளப் பொறுப்பாளர் வந்து பெயர்களைக் கேட்டார். குலவீரசிங்கம் இருவர் பெயரையும் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், மங்களேஸ்வரி வானின் மூலையில் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடந்தாள்.

"மங்களம், நான்தான்" என்று கையை நீட்டினார்.

"கிட்ட வராதேங்கோ! நீங்கள்தானே என்ரை பேரை ஆமிக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள்."

அவள் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குப் பேசின மாப்பிள்ளை ஜெர்மனியில இருக்கிறார்" என்றாள் அவள். "அவர் என்னைக் கூப்பிடுவார். அதுவரைக்கும் என்னை ஒண்டும் செய்யாதேங்கோ."

குலவீரசிங்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, வெளியே இறங்கிப் புல்லில் உட்கார்ந்து அழுதார். அவள் பயந்தது தன்னைக் கண்டுதான் என்றானபின் அவர் வேறு தளம் எதையும் தேடவில்லை.