சுந்தரமூர்த்தி முதல் கல்லான சாயங்காலம்

மராத்தி ஊரான போபோடியில், அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் சுந்தரமூர்த்தியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வாட்ச்மேன் எழுந்து நின்றுவிடுவார். சுந்தரமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை; கோபக்காரர், அவ்வளவுதான். தண்ணீர் மோட்டாரைப் போடாவிட்டால் கத்துவார். போட்டதை நிறுத்த மறந்தால் அதற்கும் கத்துவார். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர்.

அவருடைய கோபத்துக்கு ஒரு நிரந்தர முகவரி இருந்தது. மூன்றாம் மாடி நிம்பாள்கர். கேட்டுக்குப் பக்கத்தில் மரநிழலில் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் உண்டு. அது யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை பேச்சுவார்த்தை அறுந்துபோவதில் முடிந்திருந்தது. ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர் படியில் ஏறுவார்.

ஆபீஸில் பக்கத்து நாற்காலி ஃபிரோஸுக்கு. பார்சிக்காரர். ஒருநாள் கம்ப்யூட்டர் மக்கர் செய்து இருவரின் ஒரு வார வேலையையும் விழுங்கியது. சுந்தரமூர்த்தி மேசையை ஓங்கிக் குத்தினார். ஃபிரோஸ் டீ சொல்லிவிட்டு வந்தார்.

“உமக்குக் கோபமே வராதாய்யா?” என்று சுந்தரமூர்த்தி இந்தியில் சீறினார்.

“வரும். செதுக்கிக்கொண்டிருக்கிறேன்” என்றார் ஃபிரோஸ்.

அப்போதுதான் ஃப்ரீமேசன் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்துக் கல்தச்சர்களின் கருவிகளை வைத்து மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழியாம். சுத்தியல், வேண்டாத முனைகளைத் தட்டி எடுக்க. ரசமட்டம், எல்லாரும் ஒரே தளத்தில் நிற்கிறோம் என்று நினைவூட்ட. தூக்குக்குண்டு, நேராக நடக்க. சுந்தரமூர்த்திக்கு ஏனோ மேசையைக் குத்திய கை அப்போதுதான் வலித்தது. “என்னையும் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

சங்கத்திலிருந்து விசாரிக்கக் கோட்டுப் போட்ட இருவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மனைவி விசாலாக்ஷி கேசரி கொடுத்தாள். “மாதம் ஒரு சாயங்காலம் உங்கள் கணவர் எங்களோடு இருப்பார். ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டார்கள்.

“மாசம் ஒண்ணுதானா?” என்றாள் விசாலாக்ஷி.

மழை பிசுபிசுத்த ஒரு சனிக்கிழமை, ராணுவக் கேம்ப் பக்கத்திலிருந்த சங்கத்தின் பழைய மண்டபத்துக்கு ஃபிரோஸ் அவரை அழைத்துப்போனார். உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். கடிகாரம், மோதிரம், சில்லறை எல்லாம் போயின. கடைசியில் சுந்தரமூர்த்தி வெட்கத்தோடு திரும்பி நின்று வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்தார். ஒரு காலில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கண்ணைக் கட்டினார்கள்.

கதவு திறந்தது. ஒரு கை அவர் கையைப் பிடித்தது. சூடான, உறுதியான கை. அவர் தடுமாறினால் இறுக்கும், நிதானித்தால் தளரும். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு குரல் காதோரம் கிசுகிசுத்தது. வாழ்க்கை முழுக்க அடுத்தவனை வழிநடத்தியே பழகிய சுந்தரமூர்த்திக்கு, குழந்தைபோல நடத்திச் செல்லப்படுவது விசித்திரமான சுகமாக இருந்தது. ‘யாரோ ரொம்ப நல்ல மனுஷன்’ என்று நினைத்துக்கொண்டார்.

கட்டை அவிழ்த்தார்கள். வெளிச்சம் கூசியது. மேசைமேல் கீதை, குர்ஆன், பைபிள், பார்சிகளின் அவெஸ்தா எல்லாம் அருகருகே இருந்தன. பக்கத்தில் திரும்பினார். அவர் கையைப் பிடித்தபடி, இடுப்பில் வெள்ளை ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தவர் நிம்பாள்கர்.

அந்தக் குரலைக் கத்தலாக மட்டுமே கேட்டிருந்தார். கிசுகிசுப்பில் எப்படி அடையாளம் தெரியும்?

நிம்பாள்கரின் மீசை துடித்தது. சுந்தரமூர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டார். அவரை வடகிழக்கு மூலையில் நிறுத்தி, “பெரிய கட்டடங்களுக்கு முதல் கல்லை இந்த மூலையில்தான் வைப்பது வழக்கம். இன்று அந்தக் கல் நீங்கள்” என்றார் தலைவர். ஈசானிய மூலை! மெய் சிலிர்த்தது. அதே நேரம் வயிற்றிலிருந்து சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. அவர் இருமுவதுபோல நடித்தார். எதிரே நிம்பாள்கரும் இருமினார்.

சாப்பாட்டு மேசையில்தான் ஃபிரோஸ் விளக்கினார். ஆளைச் சேர்க்க ரகசிய ஓட்டு உண்டு. ஒரு கறுப்பு உருண்டை விழுந்தாலே போச்சு. அவருக்கு விழுந்தவை எல்லாம் வெள்ளை.

சுந்தரமூர்த்தி நிம்பாள்கரைப் பார்த்தார். “நீங்களுமா?”

“கறுப்பைத் தொட்டேன், பாயி, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசித்தேன். என் முட்டி தேய்ந்துபோச்சு. உன்னால் இன்னும் எத்தனை வருஷம் படியேறுவது?”

இருமல் இப்போது தேவைப்படவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் மேசை முழுவதும் சேர்ந்துகொண்டது.

நிம்பாள்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தார் சுந்தரமூர்த்தி. பால்கனியில் நின்ற விசாலாக்ஷி பார்த்தாள். விரோதிகள் இருவர், ஒரே வண்டியில், ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு. படபடவென்று இறங்கி வந்தாள்.

“குடிச்சிருக்கியளா? ஊதுங்க பாப்பம்.”

“ஜல்ஜீராதான் விசாலம், வெறும் சீரகத் தண்ணி!”

“ஊதுங்கங்கேன்.”

சுந்தரமூர்த்தி ஊதினார். அவள் கேட்காமலே நிம்பாள்கரும் குனிந்து ஊதினார்.

மறுநாள் காலை குடியிருப்பே பால்கனிக்கு வந்தது. கீழே பெரிய சத்தம். மரநிழல் இடம் உனக்குத்தான் என்று நிம்பாள்கர் கத்துகிறார். எனக்கு வேண்டாம், நீங்கள்தான் நிறுத்த வேண்டும் என்று சுந்தரமூர்த்தி அதைவிட உரக்கக் கத்துகிறார். சுந்தரமூர்த்தியின் ஸ்கூட்டரை நிம்பாள்கர் உள்ளே தள்ள, சுந்தரமூர்த்தி வெளியே இழுக்க, வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டுக்கு அந்தப்புறம் ஓடிவிட்டார். கடைசியில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஒரு வாரத்தில் அங்கே குழந்தைகள் பாட்மின்டன் கோடு போட்டுவிட்டார்கள்.

கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இன்றும் மோட்டார் விஷயத்தில் குரல் உயர்கிறது. ஆனால் பாதி வாக்கியத்தில் நின்று, தனக்குத்தானே மெல்ல மேசையைத் தட்டிக்கொள்கிறார். வேண்டாத முனை ஒன்றைத் தட்டி எடுக்கிறாராம்.

“சொல்லுதேன் கேளு விசாலம்,” என்றார் ஒருநாள், காபியோடு உட்கார்ந்து. “மனுஷன் மொதல்ல கரடுமுரடான கல்லு. நானும் அப்படித்தான்.”

“எனக்கு அது கல்யாணத்தன்னைக்கே தெரியும்.”

அவர் சிரித்துவிட்டார். அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“பொம்பளைகளுக்குக் கெடையாதா இந்தச் சங்கம்?”

“எங்க சங்கத்துல கெடையாது.”

“சரிதான். யாருக்குத் தேவைன்னு பாத்துத்தான் ஆரம்பிச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுந்தரமூர்த்தி அதை உடனே போன் போட்டு நிம்பாள்கருக்குச் சொன்னார். அந்தச் சிரிப்பு மூன்றாம் மாடியிலிருந்து போன் இல்லாமலே கேட்டது.