சின்ன ரயில்

நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டு மொழிபெயர்க்கிற உத்தியோகம் எனக்கு. சாட்சி இருமினால் அந்த இருமலையும் பிசகாமல் ஜெர்மனுக்குக் கொண்டுபோகிறவள் என்று ஒரு பெயர் உண்டு. ஒன்பது வயதில் நான் செய்த முதல் மொழிபெயர்ப்பைப் பற்றி நீதிபதிகளுக்குத் தெரியாது.

அப்போது பீலெஃபெல்டில் அகதி விடுதியில் இருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான், எல்லோருக்கும் ஓர் அறை. சித்தப்பா யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்குப் பந்தாடியவர். நடுவரையும் சேர்த்துக் கோலுக்குள் அடித்ததாக அவரே சொல்வார். இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. யன்னலில் நின்று, எதிரே கழக மைதானத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

"உயத்தி அடியாதை! நிலத்தாலை குடு, நிலத்தாலை!"

கண்ணாடி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு அந்தக் கழகத்தின் கூடத்துக்குப் போனேன். சுவரில் பழைய படம்: தொப்பி, பெரிய மீசை, காலடியில் தோல் பந்து. கேக் வெட்டும்போது கழகச் செயலாளர் கதை சொன்னார். படத்தில் இருப்பவர் ஸ்கொட்லாந்துக்காரர், தன் நாட்டில் பேர்போன ஆட்டக்காரர். உலகப் போர்களுக்கெல்லாம் முன்பு இங்கே வந்து, பந்தை வானத்துக்கு அடித்துவிட்டுக் கூட்டமாகத் துரத்திக்கொண்டிருந்தவர்களுக்கு நிலத்தோடு கொடுத்து வாங்கி ஆடப் பழக்கினாராம். ஜெர்மன் தெரியாது. ஒரு விசிலும் இரண்டு கைகளும்தான். செத்தபிறகும் இந்த ஊர்ச் சேமக்காலையிலேயே புதைந்து கிடக்கிறார்.

வீட்டில் வந்து ஒப்பித்தேன். சித்தப்பா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாசை தெரியாத மனுசனோ?"

"ஓம், சித்தப்பா."

"நிலத்தாலை குடு எண்டோ பழக்கினவன்?"

அம்மா சிரித்தார். "தம்பி, அவன் வெள்ளைக்காரன். உமக்கு விசா நீட்டவே ஏலாமக் கிடக்கு."

"விசிலுக்கு விசா வேண்டாம், அண்ணி."

சனிக்கிழமை, இருந்த ஒரே நல்ல சேர்ட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். "கோச்சு வேலை கேக்கப் போறம். நீதான் கதைக்கவேணும். சம்பளம் வேண்டாம், சின்னதுகளெண்டாலும் பரவாயில்லை எண்டு சொல்லு."

எங்கள் வீட்டில் கோச்சி என்றால் ரயில். பந்து பழக்குகிறவர் பள்ளிக்கூடத்தில் 'ட்ரைனர்'. கோச் என்றொரு இங்கிலிஷ் சொல் இருப்பதே எனக்குத் தெரியாது. பந்தாட்டக் கழகத்தில் ஏன் ரயில் வேலை கேட்கிறார் என்று யோசித்தேன்தான். ஆனால் அந்த நாளில் எங்கள் பெரியவர்கள் பேக்கரியில் பாண் விற்கிறவளிடமும் விசாக் கடிதத்தைக் காட்டி விளக்கம் கேட்பார்கள்.

செயலாளர் முன்னால் நின்று, தெளிவான ஜெர்மனில் சொன்னேன்: "என் சித்தப்பா ரயிலில் வேலை செய்ய விரும்புகிறார். சம்பளம் வேண்டாம். சின்ன ரயிலென்றாலும் பரவாயில்லை."

ஸ்கொட்லாந்துக்காரரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ட்சூக்?" என்றார் செயலாளர், கையைச் சில்லுப்போலச் சுழற்றி. ட்சூக் என்றால் ரயில்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"யா," என்றார் மெதுவாக. "ட்சூக்."

பியர்க் கிளாசுக்குக் கீழே வைக்கிற அட்டையில் ஸ்டேஷனுக்கு வழி கீறித் தந்தார் செயலாளர். போனோம். மேடை வாங்கில் குந்தியிருந்து மூன்று ரயில் பார்த்தோம்.

"கேக்கேல்லையோ, சித்தப்பா?"

"இண்டைக்கு டெர்மின் இல்லை, பிள்ளை." டெர்மின் என்றால் முன்கூட்டிக் குறித்த நேரம். என் தலையைத் தடவினார். "நல்லா டொச் கதைச்சாய்."

அதற்குப் பிறகு அவர் யன்னலோடு பேசவில்லை. அனுமதி கிடைத்ததும் ஓர் உணவகத்தில் சமையலுக்குப் போய், அங்கேயே தலை நரைத்தார். என் தவறு எனக்கு விளங்கியபோது அதை ஒரு பகிடியாக்கி, கல்யாண வீடுகளில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். எல்லோரையும்விட அவர்தான் கூடச் சிரிப்பார்.

போன மாதம் அவருடைய பென்ஷனுக்காகப் பழைய கடதாசிகளைப் புரட்டினேன். வந்திறங்கியபோது நடந்த விசாரணையின் பதிவு ஒன்று இருந்தது. எப்படி வந்தீர் என்ற கேள்விக்கு நேரே, மொழிபெயர்ப்பாளரை முந்திக்கொண்டு 'ட்சூக், ட்சூக்' என்று இவரே ஜெர்மனில் சொன்னதாக அதிகாரி குறித்திருக்கிறார். நாங்கள் கழகத்துக்குப் போனதற்கு ஒரு வருடம் முந்திய தேதி.

அந்தச் சொல் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 'ரயில் இல்லையடி, பந்து' என்று தமிழில் என் காதில் சொல்லியிருந்தால் போதும். செயலாளருக்கு முன்னால் நான் சின்னதாகிப் போயிருப்பேன், அவ்வளவுதான்.

சென்ற ஞாயிறு ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில் சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"சொல்லன், பிள்ளை, அந்தச் சின்ன ரயிலை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சித்தப்பா அண்டைக்குக் கேட்டது பந்து பழக்குற வேலை," என்று தொடங்கினேன்.