சூசையின் படகில் ஒரு பேட்டரி டப்பா

பேட்டரியில் ஓடும் கருவி செய்து விற்பவனுக்கு, விற்ற பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. சுவரில் பிளக் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் போகலாம். என்னைப் போல ஒரு சின்ன பேட்டரியை நம்பி வாக்குக் கொடுத்துவிட்டு முழித்தவர்கள் மட்டும் உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

ஒரு விளக்கு போதும்

கடலோரத் திரேஸ்புரத்திலிருந்து ரெஜினா என் கடைக்கு வந்தார். கணவர் சூசை கடலில் முங்கிச் சங்கு குளிப்பவர். இரண்டு செல்போனைக் கடலுக்குக் கொடுத்த பிறகு, மூன்றாவதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாராம். படகு கரையை நெருங்கினால் அடுக்களையில் ஒரு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் ரெஜினா கேட்டது.

படகில் ஒரு ஒயர்லெஸ் டப்பா, வீட்டு மாடியில் ஒரு ஆன்டெனா, படகு கிட்டே வந்ததும் சிக்னல் எட்டும், செய்துவிடலாம் என்றேன். அடுத்த மாசம் தரட்டுமா என்று கேட்டதற்குத்தான் முகம் வாடிவிட்டது. “அவிய கரை ஏறுத வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது, அண்ணாச்சி.”

தூங்காத டப்பா

அவசரத்தில் செய்த முதல் டப்பாவுக்குத் தூங்கக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து சேதி அனுப்பிவிட்டு அது மறுபடி தூங்க வேண்டும். என் புத்திசாலித்தனத்தில் அது எந்நேரமும் முழித்திருந்து, இரண்டே நாளில் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது.

மூன்றாம் நாள், படகு வரும் நேரம் தாண்டியும் விளக்கு எரியவில்லை. ரெஜினா செருப்புக்கூடப் போடாமல் கடற்கரைக்கு ஓடியிருக்கிறார். அங்கே சூசை நிம்மதியாகச் சங்கைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். ரெஜினா அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தார். “ஒங்க டப்பா செத்ததுக்கு, அவிய போயிட்டாவன்னுல்லா அழுதேன்!”

பிடுங்கிய விளக்கு

அடுத்த டப்பாவைத் தூங்க வைத்தேன். போர்டில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கையும் பிடுங்கிவிட்டேன். டப்பா தூங்கினாலும் அது சும்மா எரிந்து பேட்டரியைத் தின்னும். ஆறு மாசத்துக்குக் கவலையில்லை என்று மார்தட்டினேன்.

மூன்றே வாரத்தில் பேட்டரி முனைகளில் பச்சை பூத்து டப்பா திரும்பி வந்தது. உப்புத் தண்ணீர் சொட்டும் கையோடு சூசை தினமும் மூடியைத் திறந்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்! அவர் பதிலைக் கேட்டதும் அது போன இடம் தெரியவில்லை. “வெளக்கு இல்லாம அது தூங்குதா செத்துட்டுதான்னு எப்பிடி அண்ணாச்சி தெரியும்? அவ சாப்புடாம இருப்பால்லா, அதான் தெறந்து தெறந்து பாத்தேன்.”

ரப்பர் பொத்தான்

இந்தத் தடவை மூடியைப் பசை போட்டு அடைத்து, வெளியே ஒரு ரப்பர் பொத்தான் வைத்தேன். அமுக்கினால் ஒரு சேதி போகும், சின்ன விளக்கு ஒரு தரம் சிமிட்டும். டப்பா உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு மாசத்தில் சிமிட்டல் மங்கிவிட்டது என்று சூசையே எடுத்து வந்தார். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால், பொத்தான் தினமும் முப்பது நாற்பது தடவை அமுங்கியிருக்கிறது. சேதி அனுப்பும்போதுதான் பேட்டரி அதிகம் கரையும். “சங்கு குளிக்கிற இடத்திலிருந்து வீட்டுக்குச் சிக்னல் எட்டவே எட்டாதே, பிறகு எதுக்கு அமுக்குறீங்க?” என்று கேட்டேன். அந்த ஆறடி மனிதர் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். “தெரியும் அண்ணாச்சி. முங்கி எழும்புத நேரமெல்லாம் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணுது. அமுக்கிருதேன்.”

பெரிய பேட்டரியாகப் போட்டுக் கொடுத்தனுப்பிய அன்றிலிருந்து, எத்தனை நாள் தாங்கும் என்று யார் கேட்டாலும் நான் கணக்குப் போடுவதில்லை, கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.