மஞ்சள் போட்டுக் கழுவிய கற்கள்

மட்டக்களப்புக்குப் படிக்கப் போவதற்கு முதல் நாள், என் மகள் ஒரு கண்ணாடித் தொட்டியையும் இரண்டு தங்கமீன்களையும் வாங்கிக்கொண்டு வந்தாள். த்ரீவீலிலிருந்து இறக்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடிந்தால் பயணம் போகிறவள் பெட்டியைக் கட்டாமல் மீன் வாங்கப் போவாளா?

"லீவுக்கு வரும்போது ரெண்டும் உயிரோட இருக்கணும்மா. உங்க பொறுப்பு" என்றாள்.

அவளுடைய அப்பா தவறி ஆறு வருடமாகிறது. பலாபத்வலவில் இருக்கும் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். இனி நானும் இரண்டு மீன்களும். என்ன ஆனாலும் இவற்றைச் சாகவிடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

தொட்டியை அமைத்துத் தர, மாத்தளை டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் 'நானா', அவரே வந்தார். அடியில் துளைகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்தார். அதன் மூலையில் நிமிர்ந்து நிற்கும் குழாய். தட்டின் மேல் நாலு விரல் உயரத்துக்குச் சரளைக் கல். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஏற ஏற, தண்ணீர் கல்லினூடாகக் கீழே இறங்கிக் குழாய் வழியே மறுபடி மேலே வரும். கழிவெல்லாம் கல்லிலே தங்கிவிடும்.

"ஒன்னரை மாசத்துக்கு இந்தக் கல்லுல கை வைக்காதீங்க டீச்சர். ஒரு நாள் வாளியில வெச்ச தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாத்துங்க. கல்லு அழுக்குப் புடிக்கட்டும். அதுதான் மீனுக்கு உசிரு."

அழுக்கு உயிராம்! நான் உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். நைதரசன் வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு, அதை மாற்றிப் போடுவது பற்றீரியா என்ற நுண்ணுயிர்கள், அவை கல்லில் குடியேற வாரக்கணக்காகும். எனக்கே பாடமா என்ற எரிச்சலோடு தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வினை வந்தது. வெள்ளி என்றால் எங்கள் வீட்டில் முன்கூடமான ஹோலைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமிக்கு விளக்கேற்ற வேண்டும். தொட்டி இருந்ததோ சாமிப் படத்துக்கு நேர் எதிரே. கற்களுக்கிடையில் பழுப்பாக என்னவோ பிசுபிசுத்துக் கிடந்தது. பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. மீன்களைத் தண்ணீர் நிரப்பிய பேசினில் விட்டேன். கற்களை அள்ளி, கொதிநீர் ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினேன். அந்தத் தட்டுக்கும் பிரஷ் போட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் தொட்டி பளிச்சென்று இருந்தது. கரும்பலகையில் நான் வரைந்த பற்றீரியாவில் ஒன்றுகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. என் விஞ்ஞானம் பள்ளிக்கூட வாசலோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வெளுத்துக் கலங்கியிருந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பயந்துபோய் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"கல்லக் கழுவினீங்களா டீச்சர்?"

"லேசாத்தான்."

"லேசான்னா?"

"மஞ்சளும் உப்பும் போட்டு."

"மீனக் கொழம்புக்கா ரெடி பண்ணினீங்க?" என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார்கள். அன்று வாயைப் பொத்திக்கொண்டு, அவர் சொன்னபடி வாளியில் வைத்திருந்த தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றிவிட்டு, பஸ் பிடித்து மாத்தளைக்கு ஓடினேன்.

நானா தன் பழைய தொட்டி ஒன்றிலிருந்து இரண்டு கை சரளையை அள்ளி, அதே தண்ணீரோடு பையில் கட்டித் தந்தார். "இதுல இருக்கிற பற்றீரியா ஒங்க கல்லுலயும் பரவிரும். மேலால போட்டு விடுங்க. தயவு செஞ்சு கழுவிடாதீங்க." ஊரான் வீட்டு அழுக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பை கசிந்து சேலையெல்லாம் சேற்று நாற்றம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். தீனியைக் குறைத்தேன். "கீழ போங்களேன், மேல என்ன வேடிக்கை?" என்று இரண்டையும் திட்டித் தீர்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஹோலைக் கழுவினேன். கண்ணாடியில் பாசி பிடித்தது, விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் தானாகவே தெளிந்தது. மீன்கள் கீழே இறங்கிக் கல்லைக் கிளற ஆரம்பித்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு வீட்டுவேலைகூடக் கொடுக்கவில்லை.

லீவுக்கு வந்த மகள், தோளில் பையோடு தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். நடந்ததையெல்லாம், மஞ்சள் உட்பட, மறைக்காமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உண்மையச் சொல்லட்டுமாம்மா? ஒரு வாரம்கூடத் தாங்காதுன்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குடி வாங்கினே?"

"நானும் போயிட்டா நீங்க யாரத் திட்டுவீங்க? வீட்டுல சத்தமே இல்லாமப் போயிருமேன்னுதான்."

உடனே, பஸ்ஸில் தூக்கி வந்த தன் பையைக் கொண்டுவந்து சோபாவில் வைத்ததற்காக அவளைத் திட்டத் தொடங்கினேன். அவளுக்கு ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போகும்வரை நான் நிறுத்தவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.