கடைசியாக வாய் திறப்பவளுக்குப் பிளேஓஃப்

கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்கிற கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி வருகிற சீசனில் எப்படி விளையாடும் என்பதை ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் நாங்கள் நான்கு பேர் கூடித் தீர்மானிப்போம். நாங்கள் என்றால் கோச்மார் அல்ல. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தின் சமையலறை ஆட்கள். எங்களில் ஒருவரும் கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. அண்ணை மட்டும் தொட்டதாகச் சொல்லுவார். அது கரப்பந்தாக இருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அண்ணையின் வேலை சாமான் இறக்குவதும் பாத்திரம் கழுவும் மெஷினை ஓட்டுவதும். கிறில் அடுப்பில் நிற்பவர் அன்ரி. அறுபதைத் தாண்டியவர். மாணவர்கள் அன்ரி அன்ரி என்று கூப்பிட்டு இப்போது எங்கள் வெள்ளைக்காரச் சூப்பர்வைசருக்கும் அவர் அன்ரிதான். கல்லாவில் இருப்பவள் சென்னையிலிருந்து வந்த தங்கச்சி. எங்களில் பெரிய படிப்புப் படித்தவள் அவள்தான், அதனால் கணக்கெல்லாம் அவளுடைய ஃபோனில் இருக்கும். நான் சூட்டுச் சாப்பாட்டு மேசையில் கரண்டியோடு நிற்பவள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால், வசனத்தை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பேன். இரண்டாம் தரம் முடிவதற்குள் அவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். ஐம்பது வயதுவரை இப்படித்தான் காலம் போயிருக்கிறது.

அந்த அணியில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். எங்களுக்கு அணி மேல் பற்று வந்தது அவளால்தான். ஆள் கட்டை. ஆட்டத்தில் பெரும்பாலும் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பாளாம். கோச்சுக்குக் கண் தெரியாது என்று அன்ரி சொல்லுவார். கோச்சுக்குக் கண் நன்றாகத் தெரிவதால்தான் அவள் வாங்கில் இருக்கிறாள் என்று அண்ணை சொல்லுவார். இதை வைத்தே இரண்டு பேரும் ஒரு வருடம் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

விளையாட்டைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யார் என்ன சாப்பிடுகிறாள் என்பது தெரியும். செப்டம்பரில் கல்லூரி திறப்பதற்கு முன்னரே பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம்தான் சாப்பிடுவார்கள். சலாட் இலையை மட்டும் கிள்ளித் தின்கிறவள் பந்தைப் பிடிக்கமாட்டாள். இரண்டாம் தரம் சோறு கேட்டு வருகிறவள் கடைசி நிமிடம்வரை ஓடுவாள். இந்த முறையில் நாங்கள் சொன்னது கோச் சொன்னதைவிடக் கூடுதலாகச் சரிவந்திருக்கிறது. கோச் ஒவ்வொரு வருடமும் 'நல்ல சீசன்' என்று சொல்கிறவர், அவரை வெல்வது கஷ்டமில்லை.

பந்தயம் அன்ரி கொண்டுவந்தது. சாமான் பட்டியல் எழுதும் வெள்ளைப் பலகையில் நான்கு இடம் எழுதப்படும்: கடைசி, கடைசிக்கு முதல், நடு, பிளேஓஃப். பிளேஓஃப் என்றால் மேலே வருகிற அணிகள் மட்டும் ஆடுகிற இறுதிச் சுற்று. ஆளுக்கு ஒன்று. ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுக்க முடியாது. வாயால் சொன்னால் சொன்னதுதான், பிறகு மாற்றேலாது. சீசன் முடியும்போது யாருடைய சொல் உண்மைக்கு ஆகத் தூரத்தில் இருக்கிறதோ, அவர்தான் ஒரு வருடத்துக்கு வியாழக்கிழமை லசாணியா ட்ரேக்களைக் கழுவ வேண்டும். அணி நடுவில் வந்து நின்றால், பேராசைக்காகப் பிளேஓஃப் சொன்னவர்தான் கழுவ வேண்டும் என்பது அன்ரியின் சட்டம்.

லசாணியா ட்ரேயைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். மாத்தகடும் சீஸும் அடுக்கிச் சுடுவது; சீஸ் ஓரங்களில் கருகி இரும்போடு இரும்பாகியிருக்கும். மெஷினில் போட்டால் மெஷின் அதற்குச் சூடு காட்டி இன்னும் இறுக்கிவிடும். ஊறவைத்து, கம்பிச் சுருளால் தேய்த்து, நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கிழமைக்குப் பன்னிரண்டு ட்ரே.

எங்கள் அணி வருடா வருடம் கடைசியிலோ கடைசிக்கு முதலோ வரும். அதனால் எல்லோருக்கும் வேண்டியது அந்த இரண்டு இடமும்தான். நான் என் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்து முடிக்கும்போது பலகையில் மிச்சம் இருப்பது பிளேஓஃப் மட்டும். இரண்டு வருடம் தொடர்ந்து அந்த அணியின் பேரிலே ஆகக்கூடிய நம்பிக்கை வைத்த ரசிகை நான்தான். இரண்டு வருடம் தொடர்ந்து ட்ரே கழுவியதும் நான்தான். வலது மணிக்கட்டு வீங்கி, குடும்ப வைத்தியரிடம் போனேன். அவர் அமத்திப் பார்த்துவிட்டு, "என்ன விளையாட்டு விளையாடுறனீங்கள்?" என்று கேட்டார். கூடைப்பந்து என்று சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சும்மா இருந்துவிட்டேன். கையில் ஒரு பட்டி கட்டி அனுப்பினார். இன்னொரு வருடம் இப்படித் தேய்த்தால் ஊசிதான் போட வேண்டும் என்றும் சொன்னார்.

ஆகவே போன ஓகஸ்டில் ஒரு முடிவோடு வேலைக்குப் போனேன். இந்த முறை முதலில் நான் பேசுவேன். 'எனக்குக் கடைசி.' இரண்டே சொல். மார்க்கம் ரோட் பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு வேலை ஓய்ந்ததும் விவாதம் தொடங்கியது. அன்ரி ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார்.

"போன வருசத்து நெட்டைச்சியும் வேற கொலிஜ்ஜுக்குப் போயிட்டாள். இனி ஆர் பந்தைப் பிடிக்கிறது? உந்தக் கோச்சே பிடிக்கப்போறார்?"

"புதுசா ஒருத்தி வந்திருக்கிறாள் அன்ரி," என்றார் அண்ணை. "ஆறடிக்கு மேல. எங்கட வாசலுக்குள்ள குனிஞ்சுதான் வந்தவள்."

"அவள் குனிஞ்சது ஃபோனைப் பாத்து. நான் கண்டனான்."

"ரெண்டு தரம் பாஸ்ரா கேட்டவள். சாப்பிடுற பிள்ளை."

"கேட்டவள். முடிச்சவளோ? நீர்தானே ட்ரே எடுக்கிறனீர், சொல்லும் பாப்பம்."

அண்ணை குப்பை வாளியைத் திரும்பிப் பார்த்தார். பாதியைக் குப்பையில் போட்டிருந்தாள் போல.

சென்னைத் தங்கச்சி ஃபோனைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் எல்லா டீமையும் பார்த்துட்டேன் அன்ரி. மத்தவங்க கிட்ட பழைய பொண்ணுங்க நிறைய பேர் படிப்பு முடிச்சுப் போயிட்டாங்க. நம்ம டீம்ல அஞ்சு பேர் அப்படியே இருக்காங்க. அனுபவம் இருக்கு இல்லையா?"

"ஓம் ஓம், இருக்கு. தோக்கிறதில நல்ல அனுபவம். அஞ்சு பேரும் போன வருசம் தோத்த ஆக்கள்தானே. இந்த முறை இன்னும் நேர்த்தியாத் தோப்பினம்."

"எங்கட பிள்ளையை இறக்கினால் ஒரு மாற்றம் வரும்," என்றார் அண்ணை, அன்ரியைச் சீண்டுவதற்காக.

"நீர் பகிடி பண்ணாதையும். அவளுக்கு மூளை இருக்கு."

"மூளையை வளையத்துக்குள்ள போடேலாது அன்ரி. அதுக்கும் எட்டவேணும்."

அன்ரி முழங்காலில் கை ஊன்றி எழும்பி மார்க்கர் பேனாவை எடுத்தார். "சரி, பேரை எழுதுவம்."

இதுதான் நேரம். நான் ஒரு அடி முன்னால் வந்து, "எனக்கு..." என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதலில் பேசி அவர்கள் கண்டதில்லை. அடுத்த சொல் நாக்கின் நுனியில் இருந்தது. அந்தக் கணத்தில், அழுக்கு ட்ரே வைக்கிற ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. எங்கள் தமிழ்ப் பிள்ளை. பயிற்சி முடிந்து வியர்வையோடு ட்ரேயைத் திருப்பித் தர வந்திருந்தாள். நான்கு இடமும் எழுதியிருந்த பலகையைப் பார்த்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாததால் தப்பினோம். ஆனால் நாங்கள் கதைத்தது காதில் விழுந்திருந்தது.

"அன்ரி, எங்கட டீமைப் பற்றியா கதைக்கிறீங்கள்? சோ, திஸ் இயர் நாங்கள் எப்பிடி வருவம்?"

திறந்த வாயோடு நின்றவள் நான் ஒருத்திதான். அவள் என்னைப் பார்த்தாள்.

வெளிக்கிட்டு நிற்கிற ஆளிடம் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று வாயை மூடிக்கொண்டு நிற்போம். அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே 'கடைசி' என்று எப்படிச் சொல்ல? மணிக்கட்டை நினைத்தேன். ஊசியை நினைத்தேன்.

"பிளேஓஃப்," என்றேன்.

"ஓ மை கோட்! தாங்ஸ் அன்ரி! ஐ'ம் டெல்லிங் எவ்ரிவன்!" என்று ஓடிப்போனாள். உள்ளே மேசையில் இருந்த பிள்ளைகள் கூக்காட்டிக் கைதட்டியது எங்களுக்குக் கேட்டது.

அன்ரி ஏற்கனவே பலகையில் எழுதத் தொடங்கியிருந்தார். "வாயால வந்தது வந்ததுதான் பிள்ளை," என்றார் பரம திருப்தியோடு. தனக்குக் கடைசி. அண்ணை கடைசிக்கு முதல். சென்னைத் தங்கச்சி நடு. "பாவம்க்கா நீங்க," என்றாள் அவள். ஆனால் இடம் மாறித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு நான் செய்ததைக் கல்லூரியில் யாரும் அறியமாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் கரண்டி என் கையில்தானே. கூடைப்பந்துப் பிள்ளைகள் வந்தால் ஒரு துண்டு கோழி கூட விழும். புது நெட்டைச்சிக்கு இரண்டு துண்டு, தட்டைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போடுவேன். விளையாட்டுப் பற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். முழுக்க முழுக்க மணிக்கட்டுப் பற்று.

அன்ரியும் சும்மா இருக்கவில்லை. ஆட்டமுள்ள நாட்களில் பிள்ளைகளைக் கிறிலுக்குக் கூப்பிட்டு, உருளைக்கிழங்குப் பொரியலில் சீஸும் கிறேவியும் ஊற்றி மலையாகக் கொடுப்பார். அதைச் சாப்பிட்டால் ஓடுவது எங்கே, நடப்பதே கஷ்டம்.

"என்ன அன்ரி, மட்ச் நாளில மட்டும் டபுள்?" என்று அண்ணை கேட்டார்.

"பிள்ளையள் வயிறு காஞ்சு போகக்கூடாது," என்றார் அன்ரி. முகத்தில் அப்படி ஒரு தாய்ப்பாசம்.

அது அன்பா சதியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்ரிக்கே தெரியுமோ சந்தேகம்.

முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். அன்ரி சிட்டாகப் பறந்து வேலை செய்தார். பிறகு புது நெட்டைச்சி ஃபோனை வைத்துவிட்டுப் பந்தைப் பார்க்கத் தொடங்கினாள். ஒன்று வென்றார்கள், ஒன்று தோற்றார்கள், இரண்டு வென்றார்கள். கிறிஸ்மஸ் லீவு முடிந்து வந்தபோது சென்னைத் தங்கச்சி ஃபோனை நீட்டினாள்: "அக்கா, ஆறாவது இடத்துல இருக்கோம். ஆறு டீம் உள்ள போகும்." அன்ரி அந்த ஃபோனை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கடைசி ஆட்டம்வரை அதே ஆறாம் இடம்தான்; அந்த ஆட்டம் எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. ஜிம் எங்கள் கூடத்துக்கு எதிரே, முப்பது அடி தூரம். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை, ஆட்கள் பார்ப்பார்கள் என்று. அன்றைக்கு ஏப்ரனோடு போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். வென்றால் ட்ரே இல்லை. தோற்றால் இன்னொரு வருடம்.

தோற்றார்கள். தோற்ற விதமும் சொல்லத்தக்கதல்ல. எல்லாம் முடிந்துபோன கடைசி இரண்டு நிமிடத்தில் கோச் எங்கள் பிள்ளையை இறக்கினார். அவள் இரண்டு தரம் ஃபவுல் வாங்கி, ஒரு பந்தை மிக அழகாக எதிரணியிடம் எறிந்தாள். "இதைத்தான் கோச் மூடி வைச்சிருந்தவர்," என்றார் பக்கத்தில் நின்ற அண்ணை. நான் பையிலிருந்த கைப்பட்டியை எடுத்து மணிக்கட்டில் மெதுவாகக் கட்டினேன். பழகிக்கொள்ளலாம் என்று.

அப்போதுதான் சென்னைத் தங்கச்சி கல்லாவைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! ஏழாவது இடத்துல இருந்தவங்களும் தோத்துட்டாங்க! நாம உள்ள போயிட்டோம்!"

தோற்றுப்போன எங்கள் அணி, தன்னைவிட நன்றாகத் தோற்ற இன்னொரு அணியின் புண்ணியத்தில் பிளேஓஃப் போனது. அங்கே முதல் ஆட்டத்திலேயே அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது எங்கள் பந்தயத்தில் சேராது.

அடுத்த வியாழக்கிழமை அன்ரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். சத்தமாகத் தேய்த்தார், கோச்சைத் திட்டினார், ஏழாம் இடத்து அணியைத் திட்டினார். அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டு ட்ரேயும் முடிந்தது. எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுக்கிற வேலை. அவர் வீட்டுக்குப் போனபிறகு பார்த்தேன். மூலைக்கு மூலை சீஸ். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து ட்ரேயைத் திரும்ப நானே கழுவினேன். பந்தயத்தில் வென்றும் கழுவுகிற ஆள் இந்த றொறன்ரோவில் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் வியாழன் வந்தது. அன்ரி ஐந்தாவது ட்ரேயை அலசி அடுக்கப் போனார். நான் பின்னால் நின்று வசனத்தை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் தரத்துக்கு நிற்கவில்லை.

"அன்ரி, மூலையில சீஸ் கிடக்கு."

"எங்க?"

"உதில. நாலு மூலையிலயும்."

அன்ரி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ட்ரேயைப் பார்த்தார். "உனக்கு வாய் கூடிப்போச்சு பிள்ளை," என்று சொல்லி அதைத் திரும்பத் தண்ணீருக்குள் போட்டார். கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச பார், புது நெட்டைச்சிக்குப் பல்லுக் கம்பி போடப்போயினமாம். அவளே எனக்குச் சொன்னவள். ஒரு சாமானும் கடிச்சுத் தின்னமாட்டாள். அடுத்த சீசன் இவையள் நிச்சயம் கடைசி. நான் இப்பவே சொல்லிப்போட்டன், கடைசி எனக்கு."

"அதை ஓகஸ்டில பாப்பம் அன்ரி," என்றேன். "முதலில சீஸை எடுங்கோ."